டாலர் குறியில் தொடங்கும் வாக்கியம்

போன வெள்ளி வரை காம் ஐந்தில் இருந்தது ஜிபிஎஸ்.
படகைக் கூட்ட வந்த லல்லன்
துடைப்பத்தில் சிக்கிய ஒயரைப் பிடுங்கிப்
பக்கத்து ஓட்டையில் செருகிவிட்டுப் போனான்.
நான் எழுதிய மென்பொருள் அன்று முழுக்க
ஐந்தாம் கதவின் முன் நின்று
சாதனம் இல்லை, சாதனம் இல்லை என்று
சொல்லிக்கொண்டிருந்தது.
டீசல் போச்சு, ஆறு பேர் கூலி போச்சு,
அளக்க வசதியான ஓதம் ஒன்றும் வடிந்து போச்சு.
கம்பெனி எனக்கு எழுதியது ஒரே வரி:
எந்த போர்ட் என்று உங்கள் நிரலே தேடிக்கொள்ளாதா?

தேடும்.
அதற்குத்தான் விடியலில்
கோலிவாடா என்றே நாங்கள் இன்னும் சொல்கிற ஸ்டேஷனில்
ஹார்பர் லைன் பிடித்து, டாக்யார்டு ரோட்டில் இறங்கி,
பாவுச்சா தக்காவின் மீன் தண்ணீரில் சல்வாரை நனைத்து
இந்த அளவைப் படகுக்கு வந்திருக்கிறேன்.

முறை பெரிய முறையில்லை.
பட்டியலில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திற.
நாலாயிரத்து எண்ணூறில் இரண்டு நொடி கேள்.
ஒன்பதாயிரத்து அறுநூறில் இரண்டு நொடி கேள்.
டாலர் குறி விழுந்தால் அங்கேயே நில்.

காம் ஒன்று பெயருக்குத்தான். வெளியே துளையே கிடையாது.
மூன்று, ப்ளூடூத்:
எந்தக் காலத்திலோ இணைத்த எவருடைய செல்பேசியையோ
பன்னிரண்டு நொடி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் கைவிட்டது.
நான்கில் வேறு நிரல் உட்கார்ந்து
உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.

ஆறில் டாலர்!
நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
நாலு புள்ளி இரண்டு மீட்டர், என்றது.
மறுபடியும், நாலு புள்ளி இரண்டு.
அது எதிரொலிமானி.
எங்கே என்று கேட்டால்
எவ்வளவு ஆழம் என்று பதில் சொல்கிற ரகம்.
இலக்கணம் அதே, காற்புள்ளி அதே,
கடைசியில் நட்சத்திரமும் அதே.
டாலர் போட்டதெல்லாம் ஜிபிஎஸ் அல்ல என்று
நிரலில் ஒரு வரி கூட்டினேன்:
அடுத்த ஐந்து எழுத்தையும் படி,
நட்சத்திரத்துக்குப் பின் வரும் கணக்கும் சரியா பார்,
அப்புறம் நம்பு.

ஏழில் கட்டங்கள், கேள்விக்குறிகள்,
எந்த மொழியிலும் இல்லாத கொம்பும் சுழியும்.
படகோட்டி ஜனார்தன் நாக்வா
அவருடைய கோலி மராட்டியில் என்னைத் திட்டும்போது
இப்படித்தான் கேட்கும்.
பிழை அவர் வாயில் இல்லை;
அவர் பேச்சுக்கு என் காது பாதி வேகம்.
இரண்டு நொடி கழித்து
நிரல் வேகத்தை இரட்டித்தது.
கசடெல்லாம் உதிர்ந்து
முழு வாக்கியம் ஒன்று வந்து விழுந்தது,
டாலர் முதல் நட்சத்திரம் வரை.

ஆனால் நடுவில் ஒன்றுமில்லை.
இருக்கிறேன், என்கிறது.
எங்கே?
காற்புள்ளி காற்புள்ளி காற்புள்ளி.

அது எந்தத் துளையில் இருக்கிறது என்று
எனக்குத் தெரிந்துவிட்டது.
தான் எந்தக் கடலில் இருக்கிறோம் என்று
அதற்கு இன்னும் தெரியவில்லை.

மேலே ஏறிப் பார்த்தேன்.
ஆன்டெனாவின் மேல் ஈரத் தார்ப்பாய்,
தார்ப்பாயின் மேல் யாரோ இறக்கி வைத்த பொம்பில் கூடை.
வானத்தில் எத்தனை செயற்கைக்கோள் சுற்றி என்ன,
கூடையைத் தாண்டி ஒன்றும் இறங்கவில்லை.
நாக்வா திட்டிக்கொண்டே கூடையை நகர்த்தினார்.
திட்டு என்மேலா மீன்காரர்மேலா, பிடிபடவில்லை.

நாற்பது நொடி.
காற்புள்ளிகளுக்கு இடையில் எண்கள் ஊறத் தொடங்கின.
வடக்கே பதினெட்டு பாகை ஐம்பத்தேழு,
கிழக்கே எழுபத்திரண்டு ஐம்பத்தொன்று.
நாக்வாவிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு,
தக்காவில்தான் நிற்கிறோமா, என்று கேட்டார்,
கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

ஏழு என்பதை எங்கும் எழுதி வைக்கவில்லை.
நாளைக்கும் லல்லன் கூட்ட வருவான்.